உறுப்பு மாறிய பொறி

பழைய கணினியின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே தேய்ந்துபோன உறுப்புகளைக் கழற்றி, இந்தக் காலத்து உறுப்புகளைப் பொருத்தி ஓட்டிப் பார்ப்பது பல நாடுகளில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. 1977இன் ஆப்பிள் 2, 1981இன் ஐபிஎம் பிசி, 1982இன் கொமடோர் 64, 1987இன் அமிகா 500 ஆகியவை இந்த வேலைக்கு அதிகம் எடுக்கப்படும் பொறிகள். ஃபிளாப்பி டிரைவ் இருந்த பள்ளத்தில் பென்டிரைவ் செருகும் சிறு பெட்டி உட்காரும். ஹார்ட் டிஸ்க்கின் வேலையை மெமரி கார்டு பார்க்கும். டிவிக்குப் போன பழைய கம்பி போய் எச்டிஎம்ஐ கம்பி வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் உண்டு. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னதுதான். பத்து மாற்றம் முடிந்த பிறகு, மேசைமேல் இருப்பது அதே கணினிதானா என்று கேட்டால் மட்டும் பதில் சட்டென்று வருவதில்லை.

பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலை வைத்து ஏதென்சில் அறிஞர்கள் இதையே வாதித்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். தமிழில் இந்தக் கேள்வி வேறு வாசல்களால் உள்ளே வந்தது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் பொருள் என்பது எது, உறுப்பு என்பது எது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நீலகேசியில் ஒரு சமணப் பெண் பௌத்த ஆசிரியர்களோடு வாதுக்கு நிற்கிறாள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பரபக்கம் முழுவதையும் பிற மதங்களை மறுப்பதற்கே ஒதுக்குகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலோ இதே கேள்வியைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஈப்போவின் சிப்பு ஆலைகளிலும், ஒட்டுக்கட்டிய ரப்பர் பால்மரங்களிலும், இடம்பெயர்ந்த தோட்டக் கோயில்களிலும் அது கிடக்கிறது.

கணினியில் செய்யும் மாற்றங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. தேய்வதற்கென்றே இருக்கும் உறுப்புகள் முதல் வகை. கொமடோர் 64இன் பவர் சப்ளை செங்கல் போன்ற ஒரு பெட்டி; உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியேறாது. நாளடைவில் 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் கெட்டு, மின்னழுத்தம் ஏறி, மெமரி சிப்புகளைச் சுட்டுவிடும். வெளியே பார்த்தால் பெட்டிக்கு ஒரு குறையும் இருக்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதைச் சுவரில் மாட்டிப் பார்ப்பதே இல்லை; புதியதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். கப்பாசிட்டர்களும் அப்படியே. உள்ளிருக்கும் திரவம் காயும், அல்லது கசியும். கசிந்தால் அடியிலுள்ள செம்புக் கோடுகளை அரிக்கும். அமிகா 2000 போன்ற பொறிகளில் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த பேட்டரி கசிந்து பக்கத்துச் சிப்புகளின் கால்களில் பச்சை பூத்துப்போகும்.

பேராக்கின் ஈரக்காற்றில் இந்த அரிப்புக்கு அவசரம் அதிகம். தைப்பிங் மழைக்கே பேர்போன ஊர். தகரக் கூரைக்கு அடியில் பல வருடம் கிடந்த பெட்டியைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது சிப்பாக இருக்காது. பல்லி முட்டையின் ஓடுகளோ எறும்பு சேர்த்த மண்ணோதான். தூரிகையால் அவற்றைத் தட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, துருவேறிய கால்களைச் சுரண்டி, கசிந்த கப்பாசிட்டரைச் சால்டரிங் அயர்னால் சூடுகாட்டி எடுத்துப் புதியது வைக்கும்வரை யாரும் தத்துவம் பேசுவதில்லை. திரி மாற்றியதால் விளக்கு வேறாகிவிட்டது என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை அல்லவா!

சேமிப்பு உறுப்புகளை மாற்றுவது இரண்டாம் வகை. இதிலும் பெரிய சண்டை இல்லை. சிப்புகளையே மாற்றும் மூன்றாம் வகையில்தான் சண்டை தொடங்குகிறது. கொமடோர் 64இன் ஒலிக்கு 6581 என்ற சிப்பு பொறுப்பு. அதனுள் இருக்கும் அனலாக் வடிகட்டி ஒவ்வொரு சிப்பிலும் சற்று வேறாக ஒலிக்கும். ஒரே ஆலையில் வந்த இரண்டு சிப்புகள்கூட ஒரே பாட்டை ஒரே மாதிரி பாடா. சிப்பு செத்துப்போனால், அதே அளவில் அதே கால்களோடு செய்த இன்றைய மாற்றுச் சிப்பை அங்கே செருகலாம். சுரம் சரியாக வரும். குரல் அதே குரலா என்பதுதான் வழக்கு. அமிகாவில் இன்னும் ஒரு படி தாண்டுகிறார்கள். அதன் மூளையான 68000 சிப்பைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை ஏந்திய பிஸ்டார்ம் என்ற அட்டையை அதே துளைகளில் செருகுகிறார்கள். புதிதாக வந்தது பழையதைப் போலவே நடித்து, ஏழு மெகாஹெர்ட்ஸில் ஊர்ந்த பொறியைப் பல மடங்கு விரட்டுகிறது. சுற்றியுள்ள சிப்புகளுக்கு ஆள் மாறியது தெரிவதில்லை.

கடைசி வகையில் போர்டே புதிது. உள்ளிணைப்புகளை எழுதி எழுதி மாற்றக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பு ஒன்றில் பழைய பொறியின் சுற்றுகள் அனைத்தையும் வரைந்துவிடலாம். கொமடோர் 64சி மாதிரியின் பழைய கூட்டு அச்சுகளைத் தேடி வாங்கி, அவற்றிலேயே புதுக்கூடும் வார்த்து விற்றார்கள். விசைப்பலகைக்குப் புதுப் பொத்தான்களும் கிடைக்கின்றன. கொமடோர் நிறுவனம் 1994இல் திவாலானது. ஆயினும் அந்நிறுவனத்தின் கைபட்ட ஒரு திருகாணிகூட இல்லாத கொமடோர் 64ஐ இன்று ஒருவர் கூட்டி முடிக்கலாம். ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் 1655இல் கப்பல் கதையில் ஒரு திருகு வைத்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் பூட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? பழுதுபார்ப்பவர்களின் இழுப்பறைகளில் இது கதையே அல்ல. ஐந்து பொறியிலிருந்து எடுத்த சிப்புகள் சேர்ந்து ஆறாவது பொறி ஆவது அங்கே வழக்கம்.

இந்த வழக்கில் 'அசல்' என்ற சொல்லைப் பலரும் பெரும் நம்பிக்கையோடு எடுத்து வீசுகிறார்கள். ஆனால் அந்த அசலே எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஈப்போவைவிட நல்ல இடம் இல்லை. இன்டெல் நிறுவனம் 1972இல் அண்டை மாநிலமான பினாங்கில் ஆலை திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை அதுதான். அதே 1972இல் ஈப்போவில் கார்செம் தொடங்கியது. பின்னாளில் சிம்பாங் பூலாயில் யுனிசெம் வந்தது. இவ்வகை ஆலைகளுக்கு வேறு நாட்டில் செய்த சிலிக்கான் வில்லைகள் வரும். அவற்றை நகத்தளவுக்கும் சிறிய துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் சட்டத்தில் ஒட்டி, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் கால்களோடு தைத்து, கருப்புப் பிசினில் அடைத்துச் சோதிப்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்து வீடுகள் காலியான ஆண்டுகளில், பால் வெட்டிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலர் ஃபேக்டரி பஸ் ஏறிப் போனது இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான். பழைய இன்டெல் சிப்பைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் மலேசியா என்ற முத்திரை இருக்கும். அமெரிக்கப் பொறி என்று பேர் பெற்றதன் உள்ளே மலேசியாவில் தைத்த கம்பி இருக்கிறது. ஐபிஎம் பிசியைப் பொறுத்தவரை, கடையில் கிடைத்த பிறர் உறுப்புகளைக் கூட்டியே அந்நிறுவனம் அதைக் கட்டியது. மாற்று உறுப்பு ஏறுமுன்பே அசல் ஒரு கூட்டுத்தான்.

கூட்டு என்றால் என்ன என்பதில் பழைய இந்தியத் தத்துவ மரபுகள் கடுமையாக மோதின. வைசேடிகர் கணக்கில் உறுப்பு வேறு, உறுப்புகளில் தங்கும் முழுமை வேறு. நூல்கள் ஒரு பொருள். துணி அவற்றில் தங்கும் இன்னொரு பொருள். ஒரு நூலை உருவிவிட்டால் பழைய துணி அழிந்துவிட்டது; மிஞ்சிய நூல்களில் வேறொரு துணி அந்தக் கணமே பிறந்தது. சூளையில் வேகும் பானையைப் பற்றியும் அவர்கள் இப்படித்தான் சொன்னார்கள்: பச்சைப் பானை அணு அணுவாகச் சிதறி, அணுக்கள் சிவந்து, மறுபடி கூடிப் புதுப்பானையாகிறது, வேகம் காரணமாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. நையாயிகர் இதை ஏற்கவில்லை. பானை பானையாக இருந்தே வெந்தது என்றார்கள். வைசேடிகக் கணக்குப்படி ஒரு கப்பாசிட்டரை மாற்றியவர் ஒரு கணினியைக் கொன்று இன்னொன்றைப் பெற்றவர். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு திருகாணியும் மாறக்கூடாது என்று பொறியை ஓட்டாமலே கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் சேகரிப்பாளர், தமக்கே தெரியாமல் இந்தக் கட்சியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நையாயிகரின் பலமான கருவி 'இது அதுவே' என்று தோன்றும் அறிவு. நேற்றுப் பார்த்த பானையை இன்று அடையாளம் கண்டுகொள்கிறோம். எனவே அது நிலைத்திருக்கிறது. பௌத்தர் இதற்குச் சொன்ன மறுப்பு அழகானது. வெட்டிய முடியும் நகமும் மறுபடி வளர்ந்தால் அவற்றையும் அதே முடி, அதே நகம் என்றுதானே சொல்கிறோம்? ஒத்திருப்பதை ஒன்றென்று மனம் ஏமாந்துகொள்கிறது. மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நடந்த உரையாடலில் தேர் வருகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டுக்கொண்டே போனால் தேர் எங்கும் அகப்படாது. அது வழக்கில் இட்ட பெயர். இரவெல்லாம் எரியும் விளக்கும் அங்கே வருகிறது: முன்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, முற்றிலும் வேறும் அல்ல. இந்தக் கணக்கில் கொமடோர் 64 என்பது ஒரு பெயரும் ஒரு தொடர்ச்சியும் மட்டுமே. உறுப்பு மாற்றியதில் இழக்க எதுவும் இல்லை. உறுப்பு மாற்றுபவர்களுக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடையாது. வசதியே இதன் பலவீனமும்கூட. எல்லாம் தொடர்ச்சிதான் என்றால், கடையில் புதிதாக வாங்கிய போலியும் தாத்தா காலத்துப் பொறியும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று சொல்ல வழியில்லாமல் போகிறது. செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் ஆகிவிடாதா என்று சமணரும் சைவரும் பௌத்தரை மடக்கியது இதே முனையில்தான்.

சைவ சித்தாந்தம் கேள்வியை வேறு பக்கம் திருப்புகிறது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்ற சற்காரியவாதம் அதன் அடித்தளம். பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரம், உயிர் உடலுக்கு வேறானது என்று நிறுவுகிறது. 'எனது உடல்' என்று சொல்பவன் உடலாக இருக்க முடியாது என்பது அங்கே ஒரு காரணம். உறுப்பு மாறலாம், குறையலாம். தனது என்று அறிபவன் நிற்கிறான். இந்த அளவுகோலைக் கணினிமேல் வைத்தால் முடிவு கறாராக வருகிறது. கொமடோர் 64ஐப் போட்டவுடன் நீலத்திரையில் 38911 பைட் மிச்சம் என்று எழுத்து ஓடும். அந்த மிச்சம் யாருடையது என்று அதற்குத் தெரியாது. அது சடம். 'நான் அதே நான்' என்று சொல்லிக்கொள்ள உள்ளே ஆள் இல்லாதபோது, அதே பொறியா என்ற கேள்விக்கான விடையைப் பொறிக்குள் தேடுவதில் பயனில்லை. செத்த பொறிக்கு உயிர் கொடுத்தேன் என்று பழுதுபார்த்தவர் சொல்வது உபசார வழக்கு. பொறியின் ஒருமை அதை அறிந்து, ஓட்டி, கணக்கு வைத்திருக்கும் மனிதரிடமிருந்து அதற்குக் கடனாக வருகிறது. சித்தாந்த நூல்கள் கணினியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அறிவுள்ள சித்து, அறிவற்ற சடம் என்ற பிரிவை ஏற்றவர் இந்த இடத்துக்கு வராமல் போக முடியாது.

கடன் என்றால் அதற்குச் சாட்சி வேண்டும். அங்கேதான் பால்மரம் உதவுகிறது. 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட 9 கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அது விதையிலிருந்து வந்த மரம். வேர் முதல் உச்சி வரை ஒரே பிறப்பு. பின்னால் வந்த தோட்டங்களில் நின்ற மரங்கள் பெரும்பாலும் அப்படியல்ல. நாற்றங்காலில் விதைக்கன்று வளர்ந்ததும், தரையை ஒட்டிய தண்டில் பட்டையைச் சன்னல்போல் கீறித் திறந்து, நல்ல பால் தரும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து உள்ளே வைத்து, நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. பிறகு விதைக்கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். வேர் ஒன்று, மரம் வேறொன்று. பால் வெட்டுபவரின் கத்தி படுவது வந்தேறிய பட்டையில். அந்தப் பாலுக்கு நீர் இழுப்பது பெயரில்லாத வேர். அமிகா கூட்டில் ஏறிய ராஸ்பெர்ரி பைக்கு இதைவிட நெருங்கிய உறவு சொல்ல முடியாது.

இதன் மறுபாதி இன்னும் விசித்திரம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பெயரில் தோட்டந்தோட்டமாக நின்ற மரங்கள் எல்லாம், மொட்டுக் கணக்கில், ஒரே தாய்மரத்தின் கிளைகள். உறுப்பு மாறிய ஒரு பொருள் ஒன்றுதானா என்பது முதல் கேள்வி. ஒன்றே பல்லாயிரம் உடலில் நின்றால் அது ஒன்றுதானா என்பது இது. தோட்டக்காரர்கள் இதைக் குளோன் என்றார்கள். கோலாலம்பூரின் இம்பி பிளாசாவில் 1980களில் விற்ற ஆப்பிள் 2 நகல்களையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். ரப்பரில் குளோன் என்றால் மதிப்பு, கணினியில் குளோன் என்றால் ஏளனம். ஒரே சொல்லுக்கு இவ்வளவு வேறு மரியாதை கிடைக்கக் காரணம் பதிவேடு. எந்த மொட்டு எந்த மரத்தின் வழி வந்தது என்று ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் எழுதி வைத்தது. கடையில் விற்ற நகல் தன் வழியை மறைத்தது.

உறுப்பு மாற்றத்தை மிக நுட்பமாக நெறிப்படுத்தியது கோயில். தோட்டக் கோயில்கள் பலவற்றின் தொடக்கம் மரத்தடியில் ஒரு கல், அல்லது ஒரு சூலம். ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து நிறுத்திய சாமி என்று அவற்றின் வரலாறு சொல்லும். தாய்க்கோயிலின் கட்டடம் வரவில்லை, சிலை வரவில்லை. ஒரு கைப்பிடி மண் மட்டும் கப்பலேறி வந்தது. அதுவே அந்தச் சாமி என்று ஏற்பதில் யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை. பிறகு அத்தாப்புக் கொட்டகை, தகரக் கூரை, காரைச் சுவர், சுதைக் கோபுரம் என்று ஒவ்வொன்றாக மாறின. சூலம் நின்ற இடத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கருங்கல் சிலை உட்கார்ந்தது. பத்து காஜா அருகே தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் மாளிகை கட்டிய காலத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பி வைத்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்றும் நிற்கிறது. ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்ததும் மாளிகை முடியாமல் நின்றது. பின்னர் சுற்றுலாத் தலமாயிற்று. கோயில் கோயிலாகவே இருக்கிறது.

ஆகம வழக்கு குடமுழுக்கை நான்காகப் பிரிக்கிறது. புதிதாக எடுத்த கோயிலுக்கு ஆவர்த்தம். பூசை நின்று பாழானதை மீட்டால் அநாவர்த்தம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்த்துச் செய்வது புனராவர்த்தம். தீட்டு நேர்ந்தால் அந்தரிதம். இந்தப் பிரிவே ஒரு தத்துவம். பழுது பார்த்ததைப் புதிது என்று ஆகமம் சொல்வதில்லை. பழுதே பார்க்கவில்லை என்று நடிப்பதும் இல்லை. அதற்கென்று தனிப்பெயர் வைத்திருக்கிறது. வேலை நடக்கும் முறையில் இன்னும் கவனம் தெரிகிறது. சிலையைத் தொடுமுன் அதன் கலையைக் கும்பத்து நீருக்கு இறக்கி, பாலாலயத்தில் வைத்துப் பூசையைத் தொடர்வார்கள். மூலத்தானத்தில் ஆள் ஏறி நிற்கும் நாட்களிலும் சாமிக்கு ஒருவேளைப் பூசைகூடத் தவறாது. சிலைக்கும் பீடத்துக்கும் இடையில் இறுகிப் பொடியாகிப்போன பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து உரலில் இடித்து இளக்கி, விரல் தடிமனில் திரித்து அடைப்பார்கள். அட்டபந்தனம் என்பது இதுதான். கப்பாசிட்டர் மாற்றுவதற்கு இணையான வேலை. மருந்தும் தேய்வதற்கென்றே வைத்த உறுப்பு. கடைசியில் கும்பத்து நீர் சிலைக்குத் திரும்பும். எடுத்து வைத்தல், மாற்றுதல், திருப்பி ஒப்படைத்தல் என்ற இந்த வரிசை பிசகினால்தான் கோயில் அறுந்தது என்று அர்த்தம். கல் மாறினால் அல்ல.

நிலம் விற்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனையோ வீடமைப்புத் தாமானோ வந்தபோது தோட்டக் கோயில்கள் பல வேறிடம் போக வேண்டியிருந்தது. இங்கே நெறி தடுமாறியது. ஆகமத்தில் நிலத்தை உழுவதிலிருந்தே கோயில் தொடங்குகிறது. இடமும் ஓர் உறுப்பு. முறைப்படி எடுத்துச் சென்றவர்கள் அதே கோயில் என்றார்கள். பழைய மரத்தடிக்கே போய் இன்றும் சூடம் கொளுத்துபவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரு தரப்புக்கு ஒப்படைப்பு முக்கியம், மற்றதற்கு மண்.

கணினிப் பழுதுபார்ப்பில் தேர்ந்தவர்களின் நடைமுறை, ஆகமம் படிக்காமலே, இந்த வரிசைக்கு மிக அருகில் வந்திருக்கிறது. எதையும் பிடுங்குமுன் ரோம் சிப்புகளில் எழுதியிருப்பதைப் படித்து நகல் எடுக்கிறார்கள். அந்தச் சிப்புகளும் வருடங்கள் போனால் மறதிக்கு ஆளாகும். ஃபிளாப்பிகளில் பூஞ்சை படருமுன் அவற்றையும் எழுதி வைக்கிறார்கள். உண்மையில் ஒரு பழைய கணினியில் உலகத்தில் வேறெங்கும் இல்லாதது அதன் உரியவர் எழுதி வைத்தது மட்டுமே. ஐபிஎம் பிசியின் 8088 சிப்பு ஆயிரக்கணக்கில் கிடைக்கும். தோட்ட அலுவலகத்துக் கிராணி ஒருவர் தட்டி வைத்த செக்ரோல் என்ற கூலிக் கணக்கு ஒரு ஃபிளாப்பியில் இருந்தால், அதற்கு மாற்று உறுப்பு கிடையாது. கூட்டையும் சிப்பையும் பற்றி இரவெல்லாம் வாதிப்பவர்கள் இந்த ஃபிளாப்பியைக் குப்பையில் போடுவதுதான் வேடிக்கை. கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் பேட்டரி தீர்ந்துபோன பழைய பிசி பல வேளை 1980 ஜனவரி 1 என்று தேதி காட்டி எழும். அதற்குச் சரியான தேதியைத் தட்டிக் கொடுப்பது வெளியிலிருக்கும் ஆள்தான்.

எந்த மாற்றம் தகும் என்பதிலும் கோயில் மரபு ஓர் அளவு தருகிறது. விரல், காது போன்ற சிற்றுறுப்பு பின்னமானால் சிலையைச் சீர்செய்யலாம்; தலை, உடல் போன்ற பேருறுப்பு உடைந்தால் சிலையையே மாற்ற வேண்டும் என்று சிற்ப நூல்கள் உறுப்புகளைத் தரம் பிரிக்கின்றன. மயமதம் புதுப்பித்தல் வேலைக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறது. கணினியில் பேருறுப்பு எது? வேகத்தைத் தேடுபவருக்கு மூளைச் சிப்பு சிற்றுறுப்பு. பழைய பாட்டைக் கேட்க உட்காருபவருக்கு ஒலி சிப்பே பேருறுப்பு. விசைப்பலகையில் விரல் பழகியவருக்கு அந்தப் பொத்தான்களின் அழுத்தம்தான் எல்லாம். பொறியின் வேலை எதுவோ அதைப் பொறுத்துத் தரம் மாறுகிறது. சரஸ்வதி பூசையன்று பால் வெட்டும் கத்திக்கும் லாரி ஸ்டீயரிங்குக்கும் கணினி விசைப்பலகைக்கும் சந்தனப் பொட்டு வைப்பவர்கள், கத்தியின் அலகு எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வேலை செய்த கருவிக்குத்தான் பொட்டு.

அதற்காக எதையும் செய்யலாம் என்று ஆகாது. எச்டிஎம்ஐ வாசலுக்காகப் பழைய கூட்டில் துளை போடுவது, மஞ்சளடித்த கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பது இரண்டும் அழகுக்காகச் செய்வதுதான். ஆனால் முதலாவதை மீட்க முடியாது. இரண்டாவது பல வேளை சில ஆண்டில் தானே மஞ்சளுக்குத் திரும்பிவிடும், பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் பலவீனமாக்கும். சாக்கெட்டில் செருகிய அட்டையை நாளைக்கே உருவிவிடலாம். திருப்பி எடுக்க முடிந்த மாற்றத்தையும் முடியாததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மாற்றியதை எழுதி வைத்த பொறிக்கும், உள்ளே எல்லாம் புதிது என்பதை மறைத்து அசல் விலைக்கு விற்கப்படும் பொறிக்கும் உள்ள தூரம் அதைவிடப் பெரிது. பின்னது அடையாளக் குழப்பம் அல்ல, வெறும் மோசடி; அதற்குத் தத்துவம் தேவையில்லை.

மிஞ்சுவது கழற்றிய உறுப்புகள். பின்னமான சிலையைத் தெருவில் போடுவதில்லை. முறை செய்து நீரில் விடுகிறார்கள், அல்லது மண்ணில் புதைக்கிறார்கள். கணினி உறுப்புகளுக்கு அந்த இரண்டு வழியும் மூடியிருக்கிறது. அவற்றில் ஈயம் இருக்கிறது; பழைய பேட்டரிகளில் காட்மியம் இருக்கிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவு விதிகள் மின்னணுக் கழிவை எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணின்கீழ் வைத்து, அதைக் கையாள உரிமம் பெற்றவரிடமே சேர்க்கச் சொல்கின்றன. வேலை செய்யும் சிப்புகளை இழுப்பறையில் வைப்பவர்கள், கால் வளையாமல் கருப்பு நுரையில் குத்தி, எந்தப் பொறியிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று துண்டுச்சீட்டு ஒட்டிவைப்பார்கள். கசியும் பேட்டரியை மட்டும் அந்த இழுப்பறையில் சேர்ப்பதில்லை.